வார்ப்புப் பட்டறையில் வேலை, வீட்டில் சுடுமண்: ஒரே ஊடகத்தில் நிற்கத்தான் வேண்டுமா?

மெழுகுக்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தேன். வயது 24. இப்போது சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கும் ஒரு பட்டறையில் மெழுகு வேலை பார்க்கிறேன், தினக்கூலி. மெழுகில் செய்த உருவத்துக்கு மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். விரல், நகை, பீடத்துத் தாமரை இதழ் எல்லாம் என் பொறுப்பு. முகத்தை ஸ்தபதி ஐயாவே பார்த்துக்கொள்வார்.

மாலையில் வீட்டுக் கொல்லையில் மண்ணில் சொந்த வேலை செய்கிறேன். பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள்தான் என் உருவங்கள். முழ உயரம் இருக்கும். பக்கத்து ஊர் வேளார் ஒருவர் தன் பானைகளோடு சேர்த்துச் சுட்டுத் தருகிறார். காயும்போதே கழுத்திலும் மூட்டை ஒட்டும் இடத்திலும் விரிசல் விடுகிறது. தப்பித்ததில் சில சூளையில் வெடித்துவிடுகின்றன.

என் குழப்பம் வேறு. சென்னையில் இருக்கும் சீனியர் அண்ணன், "கைவினையா கலையா, ஒன்றை முடிவு பண்ணு. சாமி சிலை செய்கிறவன் என்று பெயர் விழுந்துவிட்டால் கேலரிக்காரர்கள் உன் வேலையைப் பார்க்கவே மாட்டார்கள்" என்கிறார். பட்டறையில் இருப்பவர்களோ, "மண்ணைப் பிசைந்து என்ன கிடைக்கும், வார்ப்பை ஒழுங்காகக் கற்றுக்கொள்" என்கிறார்கள். அப்பா ஓவிய ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதச் சொல்கிறார். இந்தத் துறையில் நிலைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? ஒரே ஊடகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்களா?

செம்புத்தகடு எழுதியது:

தம்பி, உங்கள் சீனியர் சொன்னதை முதலில் ஓரமாக வையுங்கள்.

நான் செம்புத் தகட்டில் வேலை செய்கிறவள். சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் படித்தது ஓவியம். தகடு அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மயிலாப்பூரில் சாமிக்குக் கவசம் செய்த ஒரு பெரியவர். அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். இன்றைக்கும் என் வருமானத்தில் பெரும்பகுதி கோயில் கவசம், வாகனத் தகடு, பூஜை அறைக் கதவு என்றுதான் வருகிறது. அந்தப் பணம்தான் என் சொந்தச் சிற்பங்களுக்குத் தகடு வாங்கித் தருகிறது. அதே சுத்தியல், அதே உளி. இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. கண்காட்சிப் பட்டியலில் என்னைப் பற்றிய குறிப்பிலேயே கவச வேலையைப் போடச் சொல்வேன்.

நம் கல்லூரிகள் எப்படி வந்தன என்று பாருங்கள். சென்னைக் கல்லூரியை 1850ல் ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். அது பல காலம் தொழில் கற்றுத்தரும் இடமாகத்தான் இருந்தது. 1898ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கியதே அந்த வளாகத்தில்தான். 1929ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகுதான் ஓவியமும் சிற்பமும் அங்கே முன்னுக்கு வந்தன. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே, அவர்தான். அவரிடம் ஓவியம் படித்த எஸ். தனபால் நடனமும் ஆடியவர். அப்புறம் சிற்பத்துக்கு வந்து, எழுபதுகளில் அதே கல்லூரிக்கு முதல்வரும் ஆனார். ஒன்றை முடிவு பண்ணு என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் நமக்கு அந்தச் சிற்பங்கள் கிடைத்திருக்குமா?

சோழமண்டலம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது அதற்கு அரசுப் பணமோ பெரிய புரவலரோ கிடையாது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்த்த காசில்தான் கடலோரத்து மணல்காட்டில் நிலம் வாங்கினார்கள். பகலில் விற்பனைக்குத் துணி, மீதி நேரத்தில் அவரவர் ஓவியம், சிற்பம். இந்தியாவில் நவீன கலை பற்றிப் பேசுகிறவர்கள் சோழமண்டலத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த நிலத்துக்குக் காசு தந்தது மெழுகு தடவிச் சாயத்தில் முக்கி எடுத்த அந்தப் பாத்திக் துணி. கைவினை செய்தால் கலைஞன் பெயர் கெட்டுவிடும் என்று சென்னையில் இருந்துகொண்டே ஒருவர் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அங்கே இருந்தவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் சிற்பி பி.வி. ஜானகிராம். நான் அவரைச் சந்தித்ததில்லை, வேலைகளை மட்டும் பார்த்திருக்கிறேன். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்து, அந்தத் தகட்டு வேலையை நவீன சிற்பத்துக்குள் கொண்டுவந்தவர். அவர் சிற்பங்களுக்கு முன்பக்கம்தான் உயிர், கவசத்துக்கு இருப்பதைப் போலவே. கம்பியைக் கோடாக வைத்து ஒட்டியிருப்பார், கண்ணும் புருவமும் அதில் எழும்பி நிற்கும். கவசக்காரரின் தொழிலை உள்ளே போய்க் கற்றுக்கொள்ளாமல் இதைச் செய்திருக்க முடியாது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் செம்பு, பித்தளையில்தான் தன் பாதையைக் கண்டுபிடித்தார். சி. தட்சிணாமூர்த்தி சுடுமண்ணிலும் செய்தார், கருங்கல்லிலும் செய்தார்.

ஆகவே ஊடகம் மாறலாம். ஆனால் ஒரு பொருளின் குணம் கைக்குப் பிடிபடும் முன்னால் அதை விட்டு ஓடக்கூடாது. இதை மட்டும் அழுத்திச் சொல்வேன். செம்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும். சுத்தியல் படப்பட விறைக்கும். விறைத்த பிறகும் அடித்துக்கொண்டே போனால் விளிம்பில் மயிரிழையாகக் கீறல் ஓடும். திரும்ப எப்போது காய்ச்ச வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். இளகிய தகடு அடியை 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும், விறைத்தது கணீரென்று எதிர்க்கும். என் பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபடியே "போதும், அடுப்புக்குக் கொண்டு போ" என்பார். அந்தக் காது எனக்கு வர வருடங்கள் ஆயின. அது வந்த பிறகுதான் தகட்டில் எனக்கென்று ஒரு உருவம் வந்தது.

நீங்கள் மெழுகில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? விரலும் நகையும் சரி. மண் பூசுவது, உருக்கி ஊற்றுவது, உளி வைத்துச் சீவுவது இவற்றில் கை வைக்க விட்டார்களா? இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் பட்டறையை விட்டு வெளியே வர வேண்டாம்.

ஆசிரியர் தேர்வையும் எழுதுங்கள். அப்பா சொல்வதில் தப்பில்லை. பணிக்கரும் தனபாலும் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தியவர்கள்தானே?

சூளையடி எழுதியது:

நான் புதுச்சேரியில் மண்பாண்டக் கலைஞர். விரிசலைப் பற்றி அக்கா எதுவும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

உங்கள் பாட்டிகள் உள்ளே கெட்டியாக இருக்கிறார்கள், சரியா? சுவாமிமலையில் கனவார்ப்பு, அதாவது உள்ளே பொள்ளல் இல்லாமல் முழுக்க உலோகமாக வார்ப்பது. மெழுகை முழுக்கட்டியாகச் செய்து பழகிய கை மண்ணையும் அப்படியே செய்யும். மெழுகு சுருங்குவதை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள், அவ்வளவு குறைவு. மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கிவிடும். மெல்லிய கழுத்து முதலில் காய்ந்து இழுக்கும், தடித்த உடம்பு இன்னும் ஈரமாக இருக்கும். அந்த இழுபறியில்தான் விரிசல். உள்ளே தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடிக்கிறது.

உங்களுக்குச் சுட்டுத் தரும் வேளாரிடமே கேளுங்கள். ஐயனார் குதிரை அத்தனை பெரிதாக நிற்பது உள்ளே கூடாக இருப்பதால்தான். மண்ணோடு மணலும் உமியும் கலப்பார்கள், பகுதி பகுதியாக எழுப்புவார்கள். நீங்களும் உருவத்தைப் பாதி காய்ந்த பதத்தில் அறுத்து, உள்ளே குடைந்து, சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கும்படி செய்து, மண்குழம்பு தடவித் திரும்ப ஒட்டுங்கள். மூட்டையும் உடம்பும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போது ஒட்ட வேண்டும். காற்றுப் போக அடியில் ஒரு துளை. அப்புறம் ஈரத்துணியைப் போட்டு நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள்.

வருமானத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் 1971ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். டெபோரா பாண்டங்களைப் பார்த்துக்கொண்டார், ரே பிற்பாடு ஆளுயரச் சிற்பங்களும், கட்டிய வீட்டையே உள்ளே தீ மூட்டிச் சுட்டெடுக்கும் சோதனைகளும் செய்தார். கிண்ணமும் தட்டும் விற்ற பணம் அந்த இடத்தை நடத்தியது. அங்கே படித்தவர்கள் இன்று நாடு முழுவதும் தங்கள் சொந்தச் சூளையோடு இருக்கிறார்கள். நானும் கிண்ணம் விற்றுத்தான் சாப்பிடுகிறேன். சிற்பம் விற்றால் அது அடுத்த சூளைக்கு.

ஒரு எச்சரிக்கை. உயர்சூட்டு மண்பாண்டத்துக்கு 1250 முதல் 1300 டிகிரி வேண்டும். அந்தச் சூளைக்கு இப்போதே கடன் வாங்காதீர்கள். வேளார் சூளையின் சூட்டில் சிவப்பு மண்ணே போதும், உங்கள் உருவங்களுக்கு அதுதான் பொருத்தமும்கூட. பெரிய சூளை தேவைப்படும்போது சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் சுடுமண் கூடம் இருக்கிறது, விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம்.

காவிரி வண்டல் எழுதியது:

ஸ்தபதி குடும்பம் எங்களுடையது, எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். மெழுகுக்கை தம்பி, உங்கள் பாட்டிகளில் ஒருவரை வார்த்துப் பாருங்கள். இதுவரை யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

பட்டறையில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்த கலவைதானே வைத்திருப்பீர்கள்? அதில் ஒரு சாண் உயரத்துக்குச் செய்யுங்கள், முழ உயரம் வேண்டாம். மெழுகின் எடையைப் போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். முழ உயரத்தில் கனவார்ப்பு என்றால் உலோகச் செலவு உங்கள் கூலியை விழுங்கிவிடும். பெரிதாக வேண்டுமென்றால் உள்ளே மண் கரு வைத்துப் பொள்ளலாக வார்க்கப் பழகுங்கள். அதற்கு மண் வேலை கட்டாயம் தெரிய வேண்டும். கருவும் மேற்பூச்சும் சமமாகக் காயாவிட்டால் ஊற்றும்போது கரு நகர்ந்துவிடும். மேலே புதுச்சேரிக்காரர் சொன்ன பாடமேதான் இங்கேயும். உங்கள் கொல்லை வேலை வீண் என்று பட்டறையில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் சிலைக்கு அடியில் பெயர் வெட்டும் வழக்கம் இல்லை. சாமியின் தோற்றத்தை வர்ணிக்கும் தியான சுலோகமும், உடம்பின் அளவுகளை வகுக்கும் தாள முறையும் உருவத்தைச் சொல்கின்றன, ஓலையை மடித்து அளவு எடுக்கிறோம், அங்கே என் பெயருக்கு இடமில்லை. அதில் எங்களுக்குக் குறையும் இல்லை. ஆனால் உங்கள் பாட்டிக்குச் சுலோகம் கிடையாது. அவள் உட்காரும் விதத்தை நீங்கள்தான் கண்டீர்கள். அதில் உங்கள் பெயரை வெட்டுங்கள், வருடத்தையும் போடுங்கள்.

மெழுகுக்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கெட்டியாகத்தான் செய்துகொண்டிருந்தேன். இன்று ஒன்றை அறுத்துக் குடைந்து ஈரத்துணி போட்டிருக்கிறேன். செம்புத்தகடு அக்கா, இரண்டு கேள்வி. பட்டறை உலையில் என் சொந்த வேலையை ஊற்றித்தரச் சொல்லி ஐயாவிடம் எப்படிக் கேட்பது? பிற்பாடு அது யாருடைய வேலை என்று பேச்சு வருமா? அப்புறம், உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா?

செம்புத்தகடு எழுதியது:

நேராகக் கேளுங்கள் தம்பி. "ஐயா, இது என் சொந்த உருவம், உலோகத்துக்கும் ஊற்றுக்கூலிக்கும் நான் கொடுத்துவிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த வார்ப்பு நடக்கும் நாளில் உங்கள் அச்சையும் சேர்த்துக் காய்ச்சினால் அவருக்குத் தனி விறகு, வரட்டி செலவில்லை. எடை போட்டு, உங்கள் பெயரில் ரசீது வாங்கி வையுங்கள். மெழுகு நிலையில் ஒரு படம், அச்சு உடைத்ததும் ஒரு படம், சீவி முடித்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேலரியில் எனக்கு வர வேண்டிய பணம் இழுத்தடிக்கப்பட்டபோது என்னைக் காப்பாற்றியது இப்படி வைத்திருந்த காகிதங்கள்தான். கேலரிகள் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்ளும். விலை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உதவித்தொகைக்கு இப்போதே ஓடுங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரைதான். மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். குறைந்தது 5 வருடப் பயிற்சி கேட்பார்கள். கல்லூரி 4 வருடம், மீதிக்குப் பட்டறை. ஸ்தபதி ஐயாவிடம் சான்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 25 தாண்டினால் இளநிலை ஃபெல்லோஷிப் இருக்கிறது, அதற்கு 40 வயது வரை விண்ணப்பிக்கலாம். கைவினைஞர் அடையாள அட்டை இல்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள், மேளாக்களில் கடை கிடைக்க அது வேண்டும்.

கடிதத்தில் "மெழுகு வேலை, வார்ப்பு" என்று எழுதித்தரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் படங்களில் பாட்டிகளும் இருக்கட்டும், தாமரைப் பீடமும் இருக்கட்டும்.