மகன் ஓக்லஹோமாவில், அச்சம் காவேரிப்பட்டணத்தில்

கேள்வி:
என் மகன் குடியிருக்கும், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து மூர் நகரத்தில் 2013 மே 20 அன்று சுழற்காற்று 24 பேரைப் பலிகொண்டது என்று அறிந்த நாள் முதல், இங்கே கோடைக்காற்றில் மாந்தோப்புக் கொட்டகையின் தகரம் படபடக்கும்போதெல்லாம், அங்கே நள்ளிரவா என்றுகூடப் பாராமல் அவனை அழைத்துவிடுகிறேன். இந்தப் பயத்தோடு எப்படி வாழ்வது?

பதில் 1:
அம்மா, நம் கோடைக்காற்று காயை உதிர்க்கும், வாழையைச் சாய்க்கும். இடிமேகத்திலிருந்து சுழன்றிறங்கும் அந்தக் காற்றோ மிகக் கடுமையானதாக இருந்தால் மணிக்கு 320 கிலோமீட்டரையும் தாண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

பதில் 2:
நான் தருமபுரிக்காரன். 2011 மே 22 அன்று அமெரிக்காவின் ஜாப்ளின் நகரில் இதே போன்ற சுழற்காற்றால் 150க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பக்கத்து ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பி வெகுநாள் ஆன பின்னும், எங்கே அபாயச் சங்கு ஒலித்தாலும் என் கால்கள் தாமாகவே குளியலறைப் பக்கம் நகர்ந்தன. அங்கேதான் நாங்கள் பதுங்குவோம். எச்சரிக்கைக்குப் பின் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களே என்பதால், அந்நேரம் உங்கள் அழைப்பு (வருந்தாதீர்கள்) அவருக்கு இடையூறுதான். பதுங்க இடம் உள்ளதா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
கேட்டேன், தம்பி. கார் நிறுத்துமிடத்தின் தரைக்கடியில் இரும்பு அறை இருக்கிறதாம். அதில் பழைய அட்டைப் பெட்டிகளை அடைத்து வைத்திருந்தானாம். ஞாயிறன்று காலி செய்துவிட்டுப் படம் அனுப்பினான்.