புதுப்பிப்பு: பம்ப் ஓடும்போது மட்டும் கூடிய நீரிழப்பு

கிணறு துளையிடும்போது சுற்றவிடும் சேற்றிலிருந்து பாறைக்குள் கசியும் நீர்தான் நீரிழப்பு. ஏபிஐ சோதனையில் (அசையாத சேற்றைக் காகித வடிகட்டியில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 30 நிமிடம் வடிப்பது) அது குறைவாகவே வருகிறது, மணற்கல் அடுக்கில் பம்ப் ஓடும்போது மட்டும் டேங்க் மட்டம் இறங்குகிறது, ஷேக்கரில் (உடைந்த பாறைத்துகள்களைச் சலித்தெடுக்கும் அதிரும் சல்லடை) போவதைக் கழித்தும் கணக்கு உதைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

சேறு அசையாமல் நிற்கும்போது ஃபில்டர் கேக் (துளைச் சுவரில் படியும் சேற்றுப் படலம்) தடித்துக்கொண்டே போகும், இழப்பும் தானாகத் தணியும். ஓட்டம் இருந்தால் கேக்கின் மேல்பகுதி அரிக்கப்படும். படிவதும் அரிபடுவதும் சமமானதும் தடிமன் நின்றுவிடும். அதற்குப் பிறகு இழப்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில் தொடரும். காகித வடிகட்டிச் சோதனை இதைக் காட்டவே காட்டாது.

நீரிழப்பைக் குறைக்க நாங்கள் சேற்றில் ஸ்டார்ச்சை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தோம். அது தவறு. பாறைத் துளைகளின் வாயை அடைக்கத் துகள் வேண்டும். சராசரித் துகள் அளவு துளை அளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்ற பழைய ஏப்ரம்ஸ் விதிப்படி, பல அளவுகளில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்தோம். இழப்பு தெளிவாகக் குறைந்தது.

அப்புறம் ஒன்று: பெரிய துகள்களை ஷேக்கர் வடித்துவிடுகிறது, அதனால் தூளைத் தொடர்ந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. பம்ப் வேகத்தைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் குறைத்தால் வெட்டுத்துகள்கள் (துளையிடும்போது உடையும் பாறைத்துகள்கள்) மேலே வராமல் தங்கிவிடும், அதனால் அதைத் தொடவில்லை.