பந்தியில் கிடைக்காத நேரம்

போன மாசம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததுமே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் வந்து நின்றாச்சு. நம்ம ஊரில் வழக்கம்தானே. பருப்பும் நெய்யும், சாம்பார், ரசம் என்று ஓட்டமாக விளம்பிக்கொண்டே போனார்கள். ரசம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த மாமா "போதும் போதும்" என்று இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தார். அப்புறம் போளியும் பால் பாயசமும் வந்தது. கை தானாக விலகியது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ருசியில் அலுத்தவருக்கு வேறு ருசி வந்தால் மறுபடி ஆசை வரும், உடம்பின் இயல்பு அது. இரைப்பை விரிய விரிய வேகஸ் நரம்பு மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் போதும் என்று மூளைக்குச் சொல்கிற சிசிகே, ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சாப்பாடு குடலுக்கு இறங்கிய பிறகுதான் நன்றாகச் சுரக்கும். வயிறு நிறைந்தது சரியாகத் தெரிய 20 நிமிஷம் போல ஆகும் என்பார்கள். நம்ம பந்தியில் அதற்குள் இலையை மடக்கிக் கையும் கழுவியாச்சு.

வீட்டில் பெரியம்மா மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். மீனைப் பிட்டு, விரல் நுனியால் தடவி, மயிர் போன்ற முள்ளையும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார். அதற்கப்புறம்தான் கிழங்கில் ஒரு சின்னத் துண்டு. அவசரப்பட்டால் தொண்டையில் முள் மாட்டும், அதனால் வேகமாகச் சாப்பிடவே வழியில்லை. மீனில் இருக்கிற புரதமும் பசியை நன்றாக அடக்கும். தட்டில் கிழங்கு மிச்சம் இருக்கும்போதே கையை எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் கறி ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் மக்களே, வயிறு நெறஞ்சாச்சு" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் முதல் தடவை கொஞ்சமாகத்தான் விளம்புவது. மறுசோறு கேட்டால் கொடுப்போம், ஆனால் பேசிக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து. பாதி நாள் யாரும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இரைப்பையை இயக்கவும் செய்கிற அந்த வேகஸ் நரம்பே பழுதாகி, சாப்பாடு இரைப்பையிலேயே தங்கிப்போகலாம். நாலு வாயிலேயே வயிறு நிறைகிறது, குமட்டுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அளவாகச் சாப்பிடுகிறார் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.