ஸ்பிளிட் ஏசியிலிருந்து விஆர்எஃப் பக்கம் போக எது வழி?

அண்ணன்மாருக்கு வணக்கம். ஐடிஐயில் 2 வருட ஏசி மெக்கானிக் படிப்பு, கோவையில் 5 வருட ஸ்பிளிட் ஏசி வேலை. மார்ச் முதல் ஜூன் வரை மூச்சுவிட நேரமில்லை. ஐப்பசி மழை பிடித்தால் கையில் வேலையே இல்லை. அதனால் மாதச் சம்பளத்துக்கு விஆர்எஃப் (ஒரே அவுட்டோர் யூனிட்டில் பல இன்டோர் யூனிட்கள் ஓடும் ஏசி) பக்கம் முயல்கிறேன்.

நைட்ரஜன் விட்டுக்கொண்டே பிரேசிங், அதாவது செம்பு பைப்பைப் பற்றவைப்பது (விடாவிட்டால் பைப்புக்குள் கரி மாதிரி கருப்பாக ஆக்சைடு படிந்து, அது உதிர்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும்), பிரஷர் டெஸ்ட், 500 மைக்ரானுக்குக் (வேக்கத்தின் அளவு) கீழே வேக்கம், எடை பார்த்து கேஸ் ஏற்றுவது எல்லாம் கைவந்தவை. தெரியாதது கமிஷனிங், அதாவது சிஸ்டத்தை முதல்முறை செட் செய்து ஓடவிடுவது: அட்ரஸிங் (ஒவ்வொரு யூனிட்டுக்கும் நம்பர் கொடுப்பது), லேப்டாப்பில் எரர் பார்ப்பது.

3 கான்ட்ராக்டர்களிடம் கேட்டாயிற்று. பைப் இழுக்கத்தான் கூப்பிடுகிறார்கள், கன்ட்ரோல் போர்டு பக்கம் விடுவதில்லை. கம்பெனிப் பயிற்சிக்கோ டீலர் கடிதம் வேண்டுமாம்.

சம்பளம் குறைந்தாலும் பைப்பிங் ஆளாகவே உள்ளே நுழைவதா, சில்லர் (பெரிய கட்டடங்களில் தண்ணீரைக் குளிரவைத்து ஓடும் ஏசி பிளான்ட்) ஆபரேட்டராகச் சேர்ந்து பிறகு மாறுவதா, எது கமிஷனிங்கில் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்?