இம்பெல்லர் வார்ப்புக்கு ஹிப் போடுவது கட்டுபடியாகுமா?

கோணம் லேத்:
வணக்கம். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். முட்டம், குளச்சல் படகுகளுக்கும் இறால் குஞ்சுப் பண்ணைகளுக்கும் கடல்நீர்ப் பம்பு செய்கிறோம். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் சிஎஃப்8எம் வார்ப்பு, அதாவது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு, ஒன்று ஆறு கிலோ. வெளியூர் பவுண்டரியில் இருந்து மாதம் 40 வருகிறது.

மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். லேத்தில் பிடித்து ஹப்பில், அதாவது தண்டு நுழையும் நடுப்பகுதியில், துளை குடையும்போது, மூன்றாவது கட்டிங்கில் ஊசி குத்தியது மாதிரிப் பொத்தல் தெரியும். போன மாதம் ஆறு போயிற்று. அத்தனையும் என் மகன் இரண்டு மணி நேரம் பாடுபட்ட பிறகு தெரிந்தவை. அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஹிப் (வார்ப்பைச் சூடாக்கி வாயு அழுத்தத்தால் சுற்றிலும் அமுக்கும் முறை) போட்டால் உள்ளே இருக்கும் குழி மூடிவிடும் என்கிறார்கள். விலை கேட்டேன்: இம்பெல்லருக்கு 2,800 ரூபாய், வண்டிச் சத்தம் தனி. வார்ப்பின் விலையே 4,000தான். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இது தகுமா?

தக்கலை உலோகம்:
தம்பி, வார்ப்பு வேலையிலேயே முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு வார்ப்பு போனால் 24,000. அதோடு உங்கள் மெஷின் செலவு ஒன்றுக்கு 1,500 என்று வைத்தால் 9,000. ஆக மாதம் 33,000 நஷ்டம். நாற்பதுக்கும் ஹிப் போட்டால் 1,12,000. ரிஜெக்ட் குறைவதை மட்டும் நம்பி இறங்கினால் கட்டுபடியாகாது.

அப்புறம், ஹிப் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கெட்டியான கலத்துக்குள் வார்ப்பை வைத்து, உங்கள் ரகத்துக்கு 1,100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆர்கான் வாயுவால் சுற்றிலும் சமமாக 100 மெகாபாஸ்கல் அழுத்துவார்கள். கடலில் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட அவ்வளவு. அந்தச் சூட்டில் இரும்பு இளகிக் கொடுக்கும், சில மணி நேரத்தில் குழியின் சுவர்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆனால் குழிக்கு மேற்பரப்பு வரை ஒரு மயிரிழை வழி இருந்தாலும் ஆர்கான் அதற்குள்ளும் நுழைந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம், எதுவும் மூடாது. காசு வீண்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள். சாதாரண ஹிப் கலத்துக்குள் வார்ப்பு மெதுவாக ஆறும். 316 வார்ப்பு அப்படி ஆறினால் உலோகக் குருணைகளின் ஓரத்தில் குரோமியம் கார்பைடு படியும், உப்புத் தண்ணீர் அந்த ஓரத்தைத்தான் முதலில் அரிக்கும். ஒரு முறை வால்வு உடல்களில் நானே அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு வருடத்துக்குள் ஓரமெல்லாம் உதிர்ந்து வந்தன. அதனால் ஹிப்புக்குப் பிறகு மறுபடி 1,040 டிகிரிக்குக் குறையாமல் சூடாக்கித் தண்ணீரில் குளிர வைக்க வேண்டும். 2,800-இல் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த முறையே 1955-இல் அமெரிக்காவில் பேட்டெல் ஆய்வகத்தில் அணு எரிபொருளுக்கு உறை ஒட்டுவதற்காகப் பிறந்தது. ஒரு பாகம் உடைந்தால் ஆளே போகும் என்ற இடத்தில் இந்தச் செலவுக்கு யாரும் தயங்க மாட்டார்கள்.

தூக்கிப் போட்ட ஆறில் இரண்டு மூன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். குழி எல்லாம் ஒரே இடத்தில் என்றால் அது உலோகம் உறையும்போது சுருங்குவதால் வரும் சுருக்கக் குழி; அந்தச் சுருக்கத்துக்கு உருகிய உலோகம் ஊட்டும் தேக்கமான ரைசரின் கோளாறு. அதைப் பவுண்டரியிலேயே சரி செய்யலாம். பரவலாகச் சிதறி இருந்தால் வாயு.

வேளிமலை:
நான் திருவனந்தபுரத்தில் 3டி அச்சில் டைட்டானியம் பாகம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஹிப் இல்லாமல் பாகம் வெளியே போகாது. 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல், இரண்டு மணி நேரம். இழுவலிமை கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். ஆனால் திரும்பத் திரும்ப வளைந்து நெளியும் பாகத்தில் விரிசல் ஆரம்பிப்பது உள்ளிருக்கும் குழியில்தான், அந்தக் குழி போனால் ஆயுள் பல மடங்கு கூடுகிறது. அண்ணாச்சி, உங்கள் இம்பெல்லர் என்றைக்காவது களைப்பு விரிசலால் உடைந்திருக்கிறதா? ஒருபோதும் உடைந்ததில்லை என்பதுதான் பதில் என்றால், நீங்கள் ஹிப்பின் பெரிய பலனுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை அனுபவிக்காமல் இருப்பீர்கள்.

கட்டணம் பெரும்பாலும் கலத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான். வேறு ஆட்களின் சரக்கோடு அதே சூட்டில் சேர்த்துப் போட முடியுமா என்று கேளுங்கள், குறையும்.

முட்டம் மெக்கானிக்:
அண்ணே, இருபது வருடமாகப் படகுப் பம்பு கழற்றி மாட்டுகிறேன். இம்பெல்லர் உடைந்து வந்ததை நான் பார்த்ததில்லை. மணல் அரித்தும், சிப்பி ஒட்டியும் வரும். பம்பின் வெளிக்கூட்டில் கசிவு வருவது உண்டு, அது வெளியே வழி உள்ள பொத்தல். அதற்கு வெற்றிடத்தில் பொத்தலுக்குள் ரெசின் என்ற பிசினை ஏற்றினாலே போதும், செலவு ரொம்பக் குறைவு.

கோணம் லேத்:
எல்லோருக்கும் நன்றி. மூன்றை அறுத்துப் பார்த்தேன். மூன்றிலும் இறக்கை வந்து ஹப்போடு சேரும் கனத்த இடத்தில்தான் குழி. ஒன்றில் அந்தக் குழியில் இருந்து ரைசர் வெட்டிய தழும்பு வரைக்கும் கோடு போகிறது. ஹிப் போட்டிருந்தால் அது மூடியிருக்காது.

படத்தைப் பவுண்டரிக்கு அனுப்பினேன். ஹப் மேல் ரைசரைப் பெரிதாக்கி, சூடு தாங்கும் உறை போட்டுப் பத்து வார்ப்பு ஊற்றித் தருகிறார்கள். வார்ப்புக்கு 180 ரூபாய் கூட வரும். உடைந்ததா என்று வேளிமலைத் தம்பி கேட்டதற்கு: ஒன்றுகூட இல்லை. 2,800-இல் மறு சூடேற்றல் சேரவில்லை என்றும் தெரிந்தது. இப்போதைக்கு ஹிப் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வியாழக்கிழமை வார்ப்பு வருகிறது, இரண்டை அறுத்துவிட்டுச் சொல்கிறேன்.

தக்கலை உலோகம்:
நல்லது தம்பி. அறுக்கும்போது ஒன்றை நெடுக்கிலும் மற்றதைக் குறுக்கிலும் அறுங்கள். இரண்டையும் ஒரே பக்கம் அறுத்தால் குழி கத்திக்கு அப்பால் தப்பிவிடும்.