புரட்டாசியில் உங்கள் வீட்டில் எந்த இசைத்தட்டு சுழல்கிறது?

பழைய ஊசி (சாட்ஸ்வர்த், டர்பன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணுக்கு ஏறிவிடும், இசைத்தட்டுகள் அலமாரியிலிருந்து இறங்கிவிடும். இந்த மாதம் நீங்கள் வீட்டில் எந்தத் தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். அதோடு ஒரு சந்தேகமும் இருக்கிறது.

சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டில் ஒலிப்பது எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வெங்கடேச சுப்ரபாதம். 1963இல் எச்.எம்.வி. நிறுவனம் வெளியிட்ட அந்த எல்.பி.யை (நெடுநேரம் ஓடும் பெரிய தட்டை), திருப்பதிக்குப் போய்த் திரும்பிய என் அத்தை, பம்பாய்க்கும் டர்பனுக்கும் இடையே ஓடிய கரஞ்சா கப்பலில் புடவை மடிப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். இந்தியா 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்திவிட்டதால், ஊருக்குப் போய்வருகிறவரின் பெட்டியில் துணியைவிடத் தட்டுக்குத்தான் அப்போது எங்கள் வீட்டில் எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தது. உறையின் ஓரத்தில் அத்தை நீல மையில் எழுதிய பெயர் இன்னும் அழியவில்லை.

சந்தேகம் இதுதான். பழைய கருவி கெட்டுப்போனதால், அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த என் மருமகன் தன்னுடைய டர்ன்டேபிளை (தட்டுச் சுழற்றும் கருவியை) எனக்குக் கொடுத்தான். பெல்ட் ஓட்டும் கருவி. 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் பெட்டி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தான். அதில் சுப்ரபாதத்தைப் போட்டால் எம். எஸ். அம்மாவின் குரல் சளி பிடித்ததைப் போலக் கனத்துக் கேட்கிறது. ஊசியை மாற்றிப் பார்த்தேன், தட்டைக் கழுவிப் பார்த்தேன், பயனில்லை. வேகம் குறைவோ என்று ஐயப்பட்டு, வேகத்தைச் சோதிக்கக் கருவியுடன் வந்த கோடுபோட்ட அட்டை வட்டத்தை வைத்து டியூப் லைட்டின் கீழே பார்த்தேன். கோடுகள் அசையாமல் நின்றன. ஆகவே வேகம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த அறையில் படுத்திருந்த என் ஆயா, "யாரு அந்த ஐயா பாடுறது?" என்று கேட்டதிலிருந்து எனக்கு அமைதியில்லை.

கரும்புத்தோட்டம் (டோங்காட்) எழுதியது:

தம்பி, உங்கள் ஆயாவின் காதை நம்புங்கள், அட்டை வட்டத்தை நம்பாதீர்கள்.

நான் சர்க்கரை ஆலையில் மின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மருமகன் கொடுத்த பெட்டி மின்னழுத்தத்தைத்தான் மாற்றும், அலைவெண்ணை (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை) மாற்றாது. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம் நாட்டில் 50. பழைய பெல்ட் கருவிகள் பலவற்றில் இருக்கும் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டே சுழலும் வகை. அங்கே நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்றிய தட்டு, இங்கே ஆறில் ஐந்து பங்காகக் குறைந்து, 28 சுற்றுக்கும் சற்றுக் கீழே போய்விடும். சுருதிக் கணக்கில் சொன்னால், மூன்று அரைச்சுரப் படிகளுக்கும் சற்று அதிகமான இறக்கம். ஐந்து கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுகிறவர் மூன்று கட்டைக்கு வந்துவிட்டால் ஆயாவுக்கு ஐயா குரலாகத்தானே கேட்கும்?

கோடுகள் ஏன் நின்றன என்பதற்கும் அதுவேதான் காரணம். அமெரிக்க அட்டையில் அந்த வேகத்துக்கு 216 கோடுகள் இருக்கும். நம் 50 சுற்று மின்சாரத்துக்கு 180 கோடுகள்தாம் வேண்டும். நம் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது, அங்கே நூற்றிருபது முறை. தட்டும் அதே அளவில் மெதுவானதால், தவறும் தவறும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு கோடுகள் நிற்பதைப் போலக் காட்டிவிட்டன. சந்தேகம் இருந்தால், தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகம் என்றால் நூறு சுற்று வரும். உங்களுக்கு 83தான் வரும் என்று இப்போதே எழுதித் தருகிறேன்.

மோட்டார் முனையில் பெல்ட் ஏறும் சிறு புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரியதாக மாற்றுவதுதான் மருந்து. பழையது பத்து மில்லிமீட்டர் என்றால் புதியது பன்னிரண்டு. சிலர் பழைய புல்லியின்மேலேயே டேப்பைச் சுற்றிச் சமாளிக்கிறார்கள். டேப்பின் தொடக்கமும் முடிவும் மேடாக நிற்பதால் நீண்ட கார்வைகள் (நீட்டிப் பிடிக்கும் சுரங்கள்) எல்லாம் அலைபாயும். சுப்ரபாதத்துக்கு அதைச் செய்யாதீர்கள்.

நான் கேட்பது என்ன என்று கேட்டீர்கள். இந்த வாரம் எதுவும் இல்லை. பேரன் ஊசியை ஒடித்துவிட்டான்.

கைச்சாவி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுகள். தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோனில்தான் கேட்கிறேன், அதனால் லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் எங்கள் தெருவிலேயே பாட்டுக் கேட்கும் வீடு எங்களுடையது மட்டும். பக்கத்து வீட்டு ஜுலு நண்பர் ஒருவர் நாற்காலியை எடுத்துக்கொண்டே வந்துவிடுவார்.

இந்த மாதம் கேட்டுக்கொண்டிருப்பது திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். 1956இல் மறைந்த அந்த மேதை கோயில் வீதியில் இரவெல்லாம் விரித்து வாசித்த ராகத்தை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சமே கொள்ளும் அரக்குத் தட்டுக்குள் எப்படி அடக்கினார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். சுருக்கியதாகவே தோன்றாது. காந்தார சுரத்தில் வந்து நிற்கும்போது, நிற்பதற்கு நேரம் இருப்பவரைப் போலவே நிற்கிறார்.

வேகத்தைப் பற்றி டோங்காட் ஐயா சொன்னது அரக்குத் தட்டுகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். பழைய பதிவுகள் எல்லாம் சரியாக 78இல்தான் எடுக்கப்பட்டன என்று கொள்ள முடியாது. என் கிராமபோனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளை, கீச்சென்று ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனத்தை விட்டு, நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைப் பரவலாக்கியவர் என்று புகழப்படுபவர். தட்டைச் சற்று விரைவாக ஓட்டினால் போதும், அந்தப் பாரி நாயனம் திமிரியாகிவிடும், அவர் செய்ததையே நாம் அழித்துவிடுவோம். நான் சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துக்கொண்டு, தட்டில் ஒலிக்கும் ஒத்து (நாதஸ்வரத்தோடு சுருதி மட்டும் ஊதும் துணைக் கருவி) அதனோடு சேரும்வரை திருகைத் திருப்புகிறேன். அது விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காது நிறைகிறது.

ஒரு எச்சரிக்கை. தட்டைக் கழுவினேன் என்று எழுதியிருக்கிறீர்கள்; எல்.பி. என்பதால் தப்பித்தீர்கள். சென்ற ஆண்டு, டர்பன் பக்கத்துப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்திருந்த ஒரு 78ஐ, இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்குத்தான் வருகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கு அன்று, தட்டேதான்! அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று எந்தத் தச்சரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். இப்போது அந்தப் பக்கத்தில் ஊசியை வைத்தால் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டுமே. அரக்குத் தட்டுக்குத் தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். நடுவிலுள்ள காகிதம் நனையக்கூடாது. இன்னொன்று, எல்.பி.யை ஒருபோதும் சாவி கிராமபோனில் போட்டுவிடாதீர்கள். அந்தக் கனத்த தலையும் எஃகு ஊசியும் ஒரே ஓட்டத்தில் வரிகளை உழுதுவிடும்.

லெனேசியா வாசி (ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

நான் மதுரையிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். என் சேர்ப்பு முழுவதும் திரைப்படப் பாட்டுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் "கொஞ்சும் சலங்கை" (1962) படத்தின் இ.பி. (சிறிய தட்டு) ஒன்று ஓயாமல் ஓடுகிறது. "சிங்கார வேலனே தேவா" பாட்டில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஆபேரி ராகத்தில் ஒன்றை ஒன்று துரத்தும் இடம் வரும்போது, சமையலறையில் என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு நின்றுவிடுவார். காருகுறிச்சியார் ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர் என்பதால் மேலே அண்ணன் எழுதியதோடு உறவு உண்டு. 45 வேகத்தில் ஓட வேண்டிய அந்தத் தட்டை ஒருநாள் மறந்து எல்.பி. வேகத்தில் போட்டுவிட்டேன். ஜானகி அம்மாவின் பிருகாக்களை (விரைந்து உருளும் சுர அசைவுகளை) ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. பாட்டுக் கற்றுக்கொள்கிற என் மகள் இப்போது வேண்டுமென்றே அப்படிப் போட்டுக் கேட்கிறாள்.

பழைய ஊசி (சாட்ஸ்வர்த், டர்பன்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டோங்காட் ஐயா, எண்ணிப் பார்த்தேன். முதல் முறை 83, இரண்டாம் முறை 84. இரண்டாவது என் எண்ணிக்கைப் பிழையாக இருக்கலாம்.

ஃபீனிக்ஸில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் பழைய புல்லியை அளந்து, பித்தளையில் புதிதாகக் கடைந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்தார், இரண்டு வாழைக்குலை வாங்கிக்கொண்டார். மாட்டி எண்ணினால் 101 வந்தது. மிக நுண்ணிய உப்புத்தாளை மடித்து, மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே புல்லியின்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டுத் தொட்டு எடுத்தேன். மூன்றாவது தடவையில் நூறு நின்றது.

மூன்றாம் சனிக்கிழமை விடியற்காலையில் விளக்கேற்றிவிட்டு ஊசியை வைத்தேன். அத்தை கொண்டுவந்த நாளில் கேட்ட அதே குரல். பாதிவரை கேட்ட ஆயா, "போன வாரம் வந்த ஐயாவும் நல்லாத்தானே பாடினாரு, அவரை ஏன் நிறுத்திட்டே?" என்று கேட்டார்.

பழைய புல்லியை ஒரு காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கருவியோடு அமெரிக்காவுக்குக் குடிபோகிறவர்கள் யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.