மறுமொழி: ‘ஓவர்டிரைவ்’ – ‘ஒலிச்சிதைவு’ வேண்டாம், ‘மிகையுந்தல்’ எனலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

குவாட்டர்மாஸ் என்ற பிரித்தானிய ராக் இசைக்குழுவின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டைப் பற்றிய கட்டுரை வரைவில் ‘ஓவர்டிரைவ்’ (பெருக்கியை அதன் தாங்குதிறனுக்கு மேல் செலுத்தி ஒலியைக் கரகரக்க வைத்தல்) என்பதற்கு ‘ஒலிச்சிதைவு’ என்று எழுதியிருப்பதையும், அதையே நம் கலைச்சொற் பட்டியலில் ஏற்றிவிடலாமா என்று முந்தைய மடலில் கேட்டிருப்பதையும் படித்தேன். ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிதைவு என்றால் இருந்தது கெட்டுப்போனது என்றே பொருள்படும். இந்த இசைத்தட்டிலோ எதுவும் கெட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே வரவழைக்கப்பட்ட ஒலி அது.

கட்டுரையின் பொருளையே சான்றாக வைத்துப் பார்ப்போம். குவாட்டர்மாஸ் மூவர் மட்டுமே கொண்ட குழு: ஆர்கனும் பிற விசைப்பலகைகளும் பீட் ராபின்சன், பேஸ் கிதாரும் பாட்டும் ஜான் கஸ்டாஃப்சன், டிரம்ஸ் மிக் அண்டர்வுட். இயன் கில்லனும் ராஜர் குளோவரும் 1969இல் எபிசோட் சிக்ஸ் இசைக்குழுவை விட்டு டீப் பர்ப்பிள் ராக் குழுவில் சேர்ந்த பிறகு, எபிசோட் சிக்ஸோடு தொடர்புடைய இம்மூவரும் தனிக் குழுவானார்கள். ஈஎம்ஐ நிறுவனத்தின் ஹார்வெஸ்ட் முத்திரையில் வெளிவந்த இந்த ஒரே இசைத்தட்டோடு அக்குழு கலைந்துவிட்டது. ‘பிளாக் ஷீப் ஆஃப் த ஃபேமிலி’ என்ற பாடலை 1975இல் ரிச்சி பிளாக்மோரின் ரெயின்போ குழு மீண்டும் பதிவுசெய்ததால்தான் பலருக்கும் இப்பெயர் தெரியவந்தது. அப்பாடலைக் கேட்டதோடு நின்றுவிட்டவர்கள் ‘போஸ்ட் வார் சாட்டர்டே எக்கோ’வைத் தேடிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஹார்ட் ராக் இசையில் மின்கிதார் தாங்கும் சுமை முழுவதையும் இங்கே ஆர்கன்தான் தாங்குகிறது. அதற்கு அந்த உறுமலைத் தந்த மின்னியல் செயலுக்கு நாம் பெயர் தேடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அச்செயல் எப்படி நடக்கிறது? ஹேமண்ட் என்ற மின் ஆர்கனில் விளிம்பு புடைத்த உலோகச் சில்லுகள் காந்தமும் கம்பிச்சுருளும் அருகிருக்கச் சுழன்று, ஏறத்தாழத் தூய சைன் அலைகளை உண்டாக்குகின்றன. இசைப்பவர் ஒன்பது இழுகோல்களைக் கொண்டு அவற்றைக் கலக்கிறார். ஒவ்வொரு கோலும் ஒரு சீரிசையை (harmonic, அடிச்சுர அதிர்வெண்ணின் மடங்கில் ஒலிக்கும் அலை) கூட்டும் அல்லது குறைக்கும். அடிச்சுரத்திற்கு மேலே இரண்டு முதல் ஆறு வரையும் எட்டும் உண்டு. ஏழாம் சீரிசைக்கு அதில் கோலே கிடையாது. இந்தக் கலவையை வால்வுப் (வெற்றிடக் குழல்) பெருக்கியின் தாங்குதிறனுக்கு மேல் செலுத்தினால் அலையின் முகடுகள் மழுங்குகின்றன, மழுங்கும்போது எந்த இழுகோலிலும் இல்லாத சீரிசைகள், அந்த ஏழாவது உட்பட, புதிதாகப் பிறக்கின்றன. சேர்த்து அழுத்தும் சுரங்களுக்கிடையேயும் இது நிகழும்: 220 ஹெர்ட்சும் 330 ஹெர்ட்சும் ஒன்றாகப் புகுந்தால், யாரும் அழுத்தாத 110 ஹெர்ட்சும் கூடவே எழுகிறது. ச–ப போன்ற எளிய இணைகள் இந்த முறையில் மலைபோல் கனத்து ஒலிப்பதற்கும், நான்கைந்து சுரங்களை நெருக்கமாக அழுத்தினால் கலங்கிப்போவதற்கும் இதுவே காரணம். இசைப்பவர் காலடியில் உள்ள ஒலியளவு மிதியை அழுத்தியும் தளர்த்தியும், ஒரே சொற்றொடருக்குள்ளேயே தெளிந்த ஒலியிலிருந்து உறுமலுக்குப் போய்த் திரும்புகிறார். கூடுவதும் பிறப்பதுமாகிய ஒரு செயலைச் சிதைவு என்று எப்படிச் சொல்வது?

‘திரிபு’ என்று மற்றொரு நண்பர் முன்வைத்திருந்தார். தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி இலக்கணம் கெடுதலிலிருந்து திரிதலைப் பிரித்தே வைத்திருப்பதால், சிதைவைவிட அது எனக்கு நெருக்கமானது. ஆனால் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் தகைவு, திரிபு (stress, strain) என்ற இணை பொருள்களின் மீள்தன்மைக்கு உரியதாகிவிட்டது. இலங்கையில் அதையே விகாரம் என்பார்கள் என்றாலும், ஒரு பக்கத்து மாணவர் குழம்பும் சொல்லை நாம் பொதுச்சொல்லாக்க முடியாது. ‘மிகைமுடுக்கம்’ என்றால் இயற்பியலின் முடுக்கத்தோடு (acceleration) மோதும்.

ஆகவே ‘மிகையுந்தல்’ என்று முன்மொழிகிறேன். உந்து என்ற வினை தள்ளிச் செலுத்துவதைச் சொல்கிறது, மிகை அளவைச் சொல்கிறது, நன்மை தீமை பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லை. ‘உந்தம்’ (momentum) ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறதே என்று கேட்கலாம். வடிவம் வேறாக இருப்பதாலும், முன்னொட்டு எப்போதும் உடன்வருவதாலும் அது தடையாகாது என்று நினைக்கிறேன். வினையாகவும் பெயரடையாகவும் சொல் வளைந்து கொடுக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ‘ராபின்சன் பெருக்கியை மிகையுந்தி வாசிக்கிறார்’, ‘மிகையுந்திய ஆர்கனின் மேல் அண்டர்வுட்டின் டிரம்ஸ் ஏறுகிறது’ என்ற தொடர்கள் உறுத்தாமல் நிற்கின்றன.

காதில் விழும் விளைவுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. தொண்டைக்கு நாம் சொல்லும் ‘கரகரப்பு’ இதற்கும் அப்படியே பொருந்தும். செயல் மிகையுந்தல், கேட்பது கரகரப்பு என்று இரண்டையும் பிரித்துக்கொண்டால், லெஸ்லி சுழல் ஒலிபெருக்கியால் வரும் அலைவைப் பற்றி எழுதும்போதும் குழப்பம் நேராது. அது சுழலும் கொம்பும் உருளையும் தருவது, மிகையுந்தலால் வருவதன்று. ‘லாஃபின் டேக்கிள்’ பகுதியில் நரம்பிசைக் குழு சேரும் இடத்தில் வரைவு ‘சிதைந்த ஆர்கன்’ என்கிறது. அங்கே ‘கரகரத்த ஆர்கன்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். வால்வில் நிகழ்வதற்கு ‘முகடு மழுங்கல்’ என்றும், டிரான்சிஸ்டர் சுற்றுகளில் சட்டென்று நறுக்கப்படுவதற்கு ‘முகடு வெட்டுறல்’ என்றும் இரண்டு சொற்களையும் இதோடு சேர்த்துப் பட்டியலில் வைக்கலாம். ‘வெட்டுறல்’ சற்று முரடாகப் படுகிறது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

அன்புடன்.